வீடு முழுக்கப் பாட்டு, சுவரில் ஆறு நாப்

ராத்திரி இரண்டே கால் மணிக்குக் கரண்ட் வந்தது. வந்த நொடியில் ஹால், சமையலறை, பூஜை அறை, வாசல் சிட்-அவுட் என்று நான்கு இடத்திலும் கூரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "தி புளூடூத் டிவைஸ் இஸ் ரெடி டு பேர்" என்று முழங்கியது. மாமா எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா வந்திருக்கா இந்நேரத்துல?" என்றார். அந்தக் கூரை ஸ்பீக்கர்களின் கரண்ட் லைனை இன்வெர்ட்டரில் சேர்க்காமல் விட்டது எங்கள் தப்பு. அந்தக் குரலை நிறுத்த ஒரு வழியும் வைக்காதது பெட்டியைச் செய்தவரின் தப்பு. பெயர் சொல்லப் போவதில்லை, பெட்டியின் மேலும் பெயர் என்று பெரிதாக எதுவும் இல்லை.

வீடு முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும் என்ற ஆசையில் நான் செய்த முதல் செலவு அது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது ஏற்பாடு. ஒன்றேகால் வருடமாக யாரும் குறை சொல்லாமல் ஓடுகிறது, எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் முதல் இரண்டையும் சொல்லாமல் மூன்றாவது ஏன் என்று புரியாது.

திருச்சி கே.கே. நகரில் வீடு. கீழே ஹால், டைனிங், சமையலறை, பூஜை அறை, மாமா அறை. மாடியில் என் படிப்பறையும் மகன் அறையும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மாமா பெல் (BHEL) பாய்லர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், 78 வயது. இடது காது கொஞ்சம் மந்தம். வானொலி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939-இல் என்பதை, ஏதோ தானே போய் ரிப்பன் வெட்டியது போலச் சொல்வார்.

வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது புளூடூத் கூரை ஸ்பீக்கர். "போன்லேர்ந்தே பாட்டு வந்துடும்க்கா." வந்தது. பாட்டோடு போன் காலும் வந்தது. தலைமை ஆசிரியர் பேசியதை ஒருநாள் வாசலில் நின்ற பால்காரர் வரை கேட்டார். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் இணையும். அந்தப் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் கீழே பாட்டு விக்கும். அதன் ஆயுள் எட்டு மாதம்.

இரண்டாவது, அறைக்கு ஒன்றாகக் குரலுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கர். எல்லாவற்றையும் ஒரு குழுவாகச் சேர்த்து ஒரே பாட்டை ஓடவிடலாம், தனித்தனியாகவும் விடலாம். சத்தத்தில் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, சுவரைத் தொட முடியாதவர்களுக்கு, இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு ஒத்துவராமல் போனதற்குக் காரணம் மாமா. அவர் தமிழில் "நிறுத்து" என்பார், அது நிற்காது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், "என் வீட்டுல என் ரேடியோவை அணைக்க நான் ஒரு பொம்பளை பேரைச் சொல்லிக் கூப்பிடணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, பிளக்கைப் பிடுங்குவது. பிடுங்கிய பிளக்கை யார் மறுபடி மாட்டுவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

வீட்டு ஆடியோ வாங்கப் போனால் கடைக்காரர் வாட் கணக்கையும் பாஸையும்தான் பேசுவார். எனக்கு அந்தப் பிளக் சொல்லிக்கொடுத்தது வேறு. வீட்டில் எந்த மூலையில் நிற்பவரும், கையில் போன் இல்லாமல், ஒரு எட்டு வைத்து, தன் காதுக்கு ஏற்ப சத்தத்தைக் கூட்டவோ அணைக்கவோ முடிய வேண்டும். முடியாவிட்டால் அது எனக்கு மட்டும் வாங்கிய பொம்மை.

சரி, கொஞ்சம் நல்லதாகவே வாங்கிவிடலாம் என்று சென்னையில் ஒரு கடைக்குப் போய் சோனோஸ் என்ற நிறுவனத்தின் வைஃபை ஸ்பீக்கர் செட் கேட்டோம். மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. சோனோஸ் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) என்ற ஒரு கறுப்புப் பெட்டி, எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 125 வாட் தரும், டிவியையும் அதன் சத்தத்தை வெளியே தரும் எச்டிஎம்ஐ ஏஆர்சி ஓட்டை வழியாக அதிலேயே சொருகலாம். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் பாட்டு கூடவே நடந்து வருகிறது, நடுவில் ஒரு இழை அறுவதில்லை. ஆனால் ஆறு இடத்துக்குக் கணக்குப் போட்டபோது வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார்.

விலை மட்டுமே தடை என்றால் இரண்டு அறையோடு ஆரம்பித்திருப்பேன். இன்னொன்றும் இருந்தது. 2024 மே மாதம் சோனோஸ் தன் ஆப்பை அடியோடு மாற்றியது. அலாரம் திருத்துவது, ஸ்லீப் டைமர் என்று தினசரிப் புழக்கத்தில் இருந்த வசதிகள் புதிய ஆப்பில் காணாமல் போயின. பல மாதம் உலகம் முழுக்கச் சண்டை, 2025 ஜனவரியில் தலைமை அதிகாரியே பதவி விலகினார். பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள், அதுவும் உண்மை. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த சின்ன வட்டு, பழைய ஸ்பீக்கரைக்கூட வைஃபைக்குக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் வைத்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது, ஒரே நாளில் உலகம் முழுக்க எல்லாம் முடங்கியது. சில நாளில் சரிசெய்துவிட்டார்கள். இருந்தாலும், யாரோ எங்கோ ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தால் என் பூஜை அறையில் பாட்டு நிற்கும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் சவுண்ட் சர்வீஸ் அண்ணன் வந்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுகிறவர், அவர் மகள் என்னிடம் படித்தவள். வேறு ஏதோ வேலையாக வந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், உங்க ஸ்கூல்ல காலைல பிரேயர் எல்லா கிளாசுக்கும் எப்படிக் கேக்குது?"

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, தலைமை ஆசிரியர் அறையில் ஒரே ஒரு ஆம்ப். நான் அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே அது ஓடுகிறது. கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் இருப்பது இதே ஏற்பாடுதான், 100 வோல்ட் லைன் என்பார்கள். வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்தும் பாடம் அது. மின்வாரியம் ஏன் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புகிறது? அதே சக்தியை அதிக வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் குறையும், கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், என் வீட்டுக் கூரைக்கு அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லை.

கணக்கு இதுதான். சாதாரண எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட் அனுப்ப 0.87 ஆம்பியர் வேண்டும். 100 வோல்ட் லைனில் அதே 6 வாட்டுக்கு 0.06 ஆம்பியர் போதும். கம்பியில் இழப்பு ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. அதனால் சின்னக் கம்பியை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். அதைவிடப் பெரிய லாபம், எத்தனை ஸ்பீக்கரையும் பல்பு மாட்டுவது போல அடுத்தடுத்து இணையாக மாட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் எட்டு ஓம் உள்ள ஏழு சாதாரண ஸ்பீக்கரை இப்படி இணைத்தால் மொத்த மின்தடை 1.14 ஓமாகக் குறைந்து வீட்டு ஆம்ப் புகைந்துவிடும். லைன் ஸ்பீக்கரின் முதுகில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதில் 6 வாட், 3 வாட், 1.5 வாட் என்று டேப், அதாவது கம்பி மாட்டும் முனை, பிரித்திருப்பார்கள். எந்த அறைக்கு எவ்வளவு என்று கம்பியை அங்கேயே மாட்டி முடிவு செய்யலாம். எல்லா டேப்பையும் கூட்டினால் வருவது ஆம்ப்பின் வாட்டுக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு இருந்தால் நல்லது. அவ்வளவுதான் விதி.

எங்களுடையது: சமையலறை, மாமா அறை, சிட்-அவுட் மூன்றுக்கும் 6 வாட். டைனிங்கில் இரண்டு ஸ்பீக்கர், மூன்று மூன்று. என் படிப்பறைக்கு 3. பூஜை அறைக்கு முதலில் 3 வைத்தோம், நாலடி அறைக்கு அது சாமி வந்து ஆடுகிற சத்தம், 1.5-க்கு இறக்கினோம். கூட்டினால் 28.5 வாட். 60 வாட் ஆம்ப் போட்டோம். ஸ்பீக்கர், ஆம்ப் இரண்டும் அஹுஜா. 1940-இலிருந்து டெல்லியில் ஒலிபெருக்கி செய்பவர்கள், நம் ஊர்த் திருவிழாக்களில் பார்த்துப் பழகிய பெயர். உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று அண்ணனுக்குத் தூக்கத்திலும் தெரியும். எனக்கு அதுவே பெரிய உத்தரவாதம்.

இனி நாப், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ். அறைக்கு ஒன்று, லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில், சுவரில். லைன் ஸ்பீக்கருக்கென்றே தனி வால்யூம் கன்ட்ரோல் கிடைக்கிறது, அந்த அறையின் மொத்த வாட்டைத் தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். இடதுகோடிக்குத் திருப்பினால் அந்த அறை மட்டும் அமைதி, மற்ற அறைகளுக்கு ஒன்றும் ஆகாது. மாடுலர் பிளேட்டுக்குள் அது பொருந்தவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி வெற்றுப் பிளேட் வாங்கித் துளை போட்டு உட்கார வைத்தார், கொஞ்சம் கோணல்தான். முதல் நாள் மாமா தன் அறை நாப்பைத் திருகினார். கூட்டினார், குறைத்தார், அணைத்தார், மறுபடி கூட்டினார். "இதுக்குப் பேர்தாம்மா கன்ட்ரோலு" என்றார். பாய்லர் ஆலையில் வால்வு திருகிய கை.

பாட்டு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் புதுக்காலம். ஹால் அலமாரியில் ஆம்ப்புக்குப் பக்கத்தில் வீம் ப்ரோ என்ற உள்ளங்கை அளவுப் பெட்டி. இணையத்திலிருந்தும் போனிலிருந்தும் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் பாட்டை எடுத்து, வெளிக் கருவியின் பாட்டை வாங்கும் ஆம்ப்பின் ஆக்ஸ் நுழைவுக்குத் தரும். மாமா அதை "வீம்பு" என்றுதான் சொல்கிறார். ஏர்ப்ளே, குரோம்காஸ்ட் இரண்டும் இருப்பதால் விருந்தாளி எந்தப் போன் வைத்திருந்தாலும் பாட்டு அனுப்பலாம். போன் கால் இதில் வராது. வாங்குகிறவர்கள் ஆப்பில் ஒரு அமைப்பை மறக்காமல் போட வேண்டும்: வெளியீட்டு ஒலியளவை நிலையாக வைப்பது. அதைப் போட்ட பிறகு யார் போனில் எப்படி இழுத்தாலும் வீட்டுச் சத்தம் மாறாது, சுவர் நாப் மட்டுமே ராஜா. கோவையில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது சமையலறையை அதிரவைக்கப் பார்த்துத் தோற்றுப்போனான்.

ஹாலுக்கு மட்டும் லைன் ஸ்பீக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூரை ஸ்பீக்கரில் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் சத்தத்தில் அடித்தொனி ஏறக்குறைய இருக்காது. குரல் தெளிவு, மிருதங்கம் தகரம். செய்திக்கும் பக்திப் பாட்டுக்கும் அது போதும், உட்கார்ந்து கச்சேரி கேட்கப் போதாது. ஹாலில், பாட்டு எடுக்கும் பெட்டியும் ஆம்ப்பும் ஒன்றாக இருக்கும் வீம் ஆம்ப்பும் ஒரு ஜோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கரும். எட்டு ஓமுக்கு 60 வாட் தருகிறது, எங்கள் ஹாலுக்கு அதில் பாதியைக்கூட நாங்கள் தொட்டதில்லை. அமெரிக்காவில் இது வெளிவந்த விலை 299 டாலர், சோனோஸ் ஆம்ப் வந்தபோது 599. நம் ஊருக்கு வரும்போது இரண்டும் வீங்கிவிடும், ஆனால் அந்த வித்தியாசம் அப்படியே நிற்கும். டிவியை ஏஆர்சியில் சொருகியதால் டிவி ரிமோட்டே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அத்தைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் என்றால் ஆப்பில் வீம் ப்ரோவையும் வீம் ஆம்ப்பையும் ஒரே குழுவாக்கினால் போதும், ஹாலும் மற்ற அறைகளும் சேர்ந்து பாடும்.

சேர்ந்து என்பது இங்கே முக்கியம். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், பத்து மீட்டருக்கு 30 மில்லிநொடி. அதற்குள் வருகிற இரண்டு சத்தத்தைக் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போகப்போக எதிரொலி. தெருக்கோடியில் ஒரு குழாய் ஸ்பீக்கரும் கோயில் வாசலில் ஒன்றும் கட்டியிருந்தால் ஐயர் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்வது போல இருக்குமே, அதுதான். பல அறைக்குப் பாட்டு தரும் நல்ல ஏற்பாடுகள் எல்லாமே பாட்டைச் சிறிது சேமித்து வைத்து, எல்லா அறையிலும் ஒரே கணத்தில் விடுகின்றன. லைனில் தொங்கும் ஏழு ஸ்பீக்கருக்கும் ஒரே கம்பி என்பதால் அவற்றுக்குள் பேதமே கிடையாது.

ஆனால் அந்தச் சேமிப்பே டிவிக்கு எதிரி. ஹால் டிவியின் சத்தத்தை நெட்வொர்க் வழியாகச் சமையலறைக்கு அனுப்பினால் அது பின்தங்கித்தான் வரும், எந்த நிறுவனத்தின் வைஃபை முறையாக இருந்தாலும். அத்தைக்கு சீரியல் சமையலறையிலும் வேண்டும். முதல் நாள் அனுப்பிப் பார்த்தோம். "ஏன்டி இவ ரெண்டு தடவை அழறா?" என்றார். இதற்குத் தீர்வு பழைய காலத்திலிருந்தே கிடைத்தது. செட்டாப் பாக்ஸின் முதுகில் யாரும் தொடாத சிவப்பு-வெள்ளை ஏவி ஓட்டைகள் இருக்கும். அங்கிருந்து ஒரு கம்பி, ஆம்ப்பின் இரண்டாவது ஆக்ஸுக்கு. நெட்வொர்க் நடுவில் இல்லை. இப்போது ஒரு தடவைதான் அழுகிறாள்.

வைஃபையை நம்ப வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அங்குலச் சுவரும் கான்கிரீட் தளமும் தாண்டி வருவதற்குள் சிக்னல் மூச்சு வாங்கும். முதல் மாதம் மாலை நேரங்களில் பாட்டு அறுந்து அறுந்து வந்தது, பெட்டியைத் திட்டினேன். பழி முழுக்க ரவுட்டர் வைத்த இடத்தின் மேல், அதாவது என் மேல், ஷோகேஸுக்குப் பின்னால் அழகாக மறைத்து வைத்தவள் நான்தானே. கேட்-6 என்ற நெட்வொர்க் கம்பி இழுத்து இரண்டு பெட்டியையும் ரவுட்டரோடு இணைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. வீம் மினி என்று விலை குறைந்த பெட்டி ஒன்றும் இருக்கிறது, அதில் இந்த நெட்வொர்க் கம்பி சொருக இடம் கிடையாது. செங்கல் வீட்டுக்காரர்கள் கூடக் கொஞ்சம் போட்டு ப்ரோ வாங்குவது நல்லது.

மகன் அறையில் அவன் தனி உலகம், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் லிரியன் மியூசிக் சர்வர் என்ற பாட்டு மென்பொருள். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பழைய ஏற்பாட்டின் வாரிசு அது. லாஜிடெக் 2006-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் செய்த கம்பெனியை வாங்கி 2012-இல் பெட்டி செய்வதை நிறுத்தியது, திறந்த மென்பொருள் என்பதால் ஆர்வலர்கள் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போது நாள் எப்படிப் போகிறது? 5.45-க்கு ஆப்பில் வைத்த அலாரத்தில் பாட்டு தானே தொடங்கும். பூஜை அறையும் டைனிங்கும் திறந்திருக்கும், மாடி நாப் மூடியிருக்கும். ஆம்ப்பிலேயே எஃப்எம் இருக்கிற மாடல் வாங்கியதால் ஆறரைக்கு மாமா போய் அதைத் திருப்பிச் செய்தி போடுவார். நெட் இல்லாத நாளிலும் அது பாடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஆம்ப், ரவுட்டர், பெட்டி மூன்றும் இன்வெர்ட்டரில். கரண்ட் போய் வந்தால் எந்தப் பெண்ணும் பேசுவதில்லை. ஆம்ப்பில் மைக் நுழைவும் இருப்பதால் மாமா பழைய மைக் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டியிருக்கிறார். "ஒண்ணாம் நம்பர் பிளாட்ஃபாரத்தில் இட்லி தயார்" என்று தினமும் அறிவிப்பு. சிட்-அவுட் ஸ்பீக்கர் வழியாக எதிர் வீடு வரை போகிறது.

லைன் பகுதிக்கு ஸ்பீக்கர், ஆம்ப், நாப், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. வீம் பெட்டிகளும் ஹால் ஸ்பீக்கரும் தனி. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தளம் போடும் முன்பே ஸ்பீக்கருக்குத் தனிப் பைப் போட்டுவிடுங்கள், கரண்ட் கம்பியோடு ஒரே பைப்பில் விட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் நிரந்தரமாகக் குடிவரும். ஒரு பைப்புக்குப் பதில் இரண்டாகப் போடுங்கள், காரணம் சொல்கிறேன். சிட்-அவுட் ஸ்பீக்கரின் வலையை இறுக்கி மூடுங்கள். எங்களுடையதில் பல்லி முட்டையிட்டது.

குறை என்றால் ஒன்றுதான், அது பெரிது. லைன் ஒன்று என்பதால் எல்லா அறையிலும் ஒரே பாட்டு. சத்தத்தை அறைக்கு அறை மாற்றலாம், சங்கதியை மாற்ற முடியாது. பதினொரு மாதம் இது தெரியவில்லை. மார்கழியில் விடிகாலை அத்தைக்குப் பூஜை அறையில் பாசுரம் வேண்டும், அதே நேரம் மாமாவுக்கு வானொலி வேண்டும். போன மார்கழியில் மாமா தன் அறை நாப்பை மூடிவிட்டுப் பழைய டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டார். இரண்டு லைன் தரும் ஆம்ப் கிடைக்கிறது, பூஜை அறைக்குத் தனிக் கம்பி இழுத்தால் தீர்ந்தது. இரண்டாவது பைப் போடாததால் சுவரைக் கீற வேண்டும். பெயின்டரிடம் பேசிவிட்டேன், ஐப்பசி மழை முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.